மண்ணெண்ணெய் இரண்டு லிட்டர்

உத்தரவு மலையாளத்தில் வந்தது.
மெம்பர் ஷைலஜா வாசித்துத் தமிழாக்கிச் சொன்னாள்,
நான் மண்வெட்டிக்குக் காம்பு இறுக்கிக்கொண்டிருந்தேன்.
சுடுகிறவருக்கு இவ்வளவு.
குழி வெட்டுகிறவளுக்கு இவ்வளவு.
ஆறடி ஆழம்.
உடம்பின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றி மூடணும்,
யாரும் தோண்டித் தின்றுவிடக் கூடாது.
பால் கொடுக்கிற பன்றியைச் சுடக் கூடாது.

‘க்ஷுத்ரஜீவி’ன்னு அறிவிக்கச் சொல்லி
தில்லிக்கு எழுதியிருக்கோம் என்றாள்.
அப்படியென்றால்?
யோசித்தாள். நானும்.
அற்பப் பிராணி என்றேன்.
நூறு கிலோ இருக்கும், அற்பமா என்றார் ராக்கியப்பன்.
அவர் முதுகுக்குப் பின்னால்
மூன்று ஏக்கர் கடலைக்கொடி
வேர் மேலாகக் கிடந்தது.
கூலி கேட்காத கலப்பை
ராத்திரி வந்து உழுதுவிட்டுப் போயிருந்தது.

கோடை மண். குழிக்கு ஒரு பகல் ஆனது.
நாலடியில் சுண்ணாம்புக் கல்,
அதற்குக் கீழே கடப்பாரைதான்.

லூயிஸ் பொழுது சாய வந்தார்.
வேலந்தாவளத்தில் பஞ்சர் கடை,
விரலெல்லாம் டயர்க் கறுப்பு.
மோட்டார் ரூம் மொட்டை மாடியில் குந்தி
இருமல் வராமலிருக்கச் சீரக மிட்டாயை
கன்னத்தில் அடக்கிக்கொண்டார்.
இருட்டில் மடி தெரியுமா அண்ணா என்றேன்.
லைட் அடித்தால் கண்ணுதான் தெரியும் என்றார்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் பன்றிக்கு ஏனம் என்று ஒரு பேர்.
எங்கள் வீட்டில் ஏனம் என்றால் சட்டி.
இரண்டுக்கும் எப்படி ஒரே பேர் வந்தது என்று
அப்போது யாரும் கேட்கவில்லை.
ஒன்று இன்னொன்றுக்குள் வெந்த காலமோ என்னவோ.
இப்போது ஒன்று குழிக்கு,
மற்றது கழுவிக் கவிழ்த்தபடி.

ஒன்றரை மணிக்கு வெடித்தது.
நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிறுத்தி
மறுபடி ஆரம்பித்தன.
பட்டுவிட்டது. ஆனால் விழவில்லை.
கடலைக்குள்ளே ஒரு கோடு கிழித்தபடி
கிழக்கே ஓடியது.
பனைமரம் தாண்டி,
வெள்ளையடித்த எல்லைக்கல் தாண்டி.

கல்வரைக்கும் ஓடினோம்.
லூயிஸ் நின்றார். தோட்டாவை உருவிவிட்டார்.
அங்கே என் பேப்பர் செல்லாது என்றார்.
அந்தப் பக்கமும் அதே கடலைதான்,
அதே சோளத்தட்டு, அதே பேச்சு.
சோளத்துக்குள் அது மூச்சு விடுவது கேட்டது.
துருத்தி மாதிரி.
நாங்கள் மூன்று பேரும் கல்லுக்கு இந்தப் பக்கம்
செருப்புக் காலோடு நின்றிருந்தோம்.
கொஞ்ச நேரத்தில்
நாய்கள் மட்டும்தான் கேட்டன.

விடிந்ததும் அந்தப் பக்கத்து கார்டு வந்தார்.
உங்க பன்னியா என்றார்.
சுட்டது நாங்க, பன்னி யாருதுன்னு தெரியாதுங்க
என்றார் ராக்கியப்பன்.
கார்டு சிரிக்கவில்லை. போட்டோ எடுத்தார்.
லூயிஸ் அதற்குள் கடை திறக்கப் போய்விட்டிருந்தார்.

உடம்பில்லாமல் பில் எழுத முடியாதாம்.
வெட்டியதற்கும் கூலியில்லை,
ஆடுமாடு விழுந்துவிடும் என்று மூடச் சொன்னார்களே,
அதற்கும் இல்லை.
மண்ணெண்ணெய் கேனை மட்டும் யாரும் கேட்கவில்லை.
என் கார்டுக்கு மூன்று மாதமாக வரவில்லை.
அன்றைக்கு ஸ்டவ் பற்றவைத்துக்
கடலை வேகவைத்தேன்.
சட்டியில் அந்த வாடை வருகிறதா என்று
இரண்டு முறை முகர்ந்தேன்.
வரவில்லை. ஆனாலும் முகர்ந்தேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு
மடை மாற்றப் போனபோது
மூடிய குழியின் மேல் ஏதோ அசைந்தது.
மண் அங்கேதான் பொதுபொதுவென்று இருந்தது,
சின்ன மூக்குக்கும் தோண்ட வரும்.
முதுகில் வெள்ளரிக்காய்க் கோடு.
என்னைப் பார்த்தும் ஓடவில்லை.
ஓடச் சொல்லித்தர ஆளில்லை.

கரையிலிருந்து ராக்கியப்பன் கத்தினார்:
என்ன அங்கே, பன்னியா? எத்தனை?

எண்ணலைங்க என்றேன்.

ஐந்து.